அதே பெயர், அதே இனிஷியல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலமா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கும் உன் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போனில் நான் கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்று சமாளித்து வைத்துவிடுவாய். எழுத்தில் அப்படி நழுவ முடியாது. எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

போன வியாழக்கிழமை காலை, குழந்தைகள் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது கட்டிலில் மூச்சிரைப்போடு ஒரு பெண் குழந்தை. என் கையால் கொடுத்தால்தான் மருந்து குடிப்பாள். வேறு யார் போனாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள். அவளுடைய அப்பா ஒரு தாளோடு வந்தார். தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

மேலே என் படம். நர்சிங் படிப்பு முடித்த அன்று வெள்ளைத் தொப்பியோடு எடுத்தது. கீழே என் பெயர், என் இனிஷியல். அதற்கும் கீழே இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய செய்தி: 'தவறான ஊசியால் நான்கு வயதுக் குழந்தை பலி. நர்ஸுக்கு இரண்டு ஆண்டு சிறை.'

"நான் இல்லீங்க" என்றேன்.

"பேரு உங்களுது, படம் உங்களுது. அப்புறம் வேற யாரு?" என்று கேட்டுவிட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். இருபது கட்டில், இருபது அம்மாக்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கையில் மருந்துத் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். "எனக்கு உங்களைத் தெரியும் சிஸ்டர். வர்றவங்களுக்குத் தெரியாதே. இது அடங்கற வரைக்கும்..." என்று இழுத்தார். இப்போது நான் துணிக் கிடங்கில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். இருபத்தேழு வருஷ சர்வீஸுக்குக் கிடைத்த மரியாதை.

அந்தத் தாளின் அடியில் உங்கள் மின்நூலகத்தின் முத்திரை இருந்தது. நீ பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அதே இடம். அந்தப் பக்கம் உடனே போக வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை.

கோபம் குறையாத உன்
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வீக்கம் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் முனகுகிறாள். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உனக்குக் கோபம் கொஞ்சம் ஆறும். பழைய பத்திரிகைகள், பள்ளி கல்லூரி மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் ஆகின்றன. கணினி அவற்றைப் படித்து எழுத்தாக்குகிறது. ஒரு பெயர் எங்கெங்கே வருகிறதோ அதையெல்லாம் திரட்டி, 'பெயர்ப் பக்கம்' என்று ஒன்று உண்டாக்குகிறோம். பொதுமக்களுக்குத் திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தப்பு வரத்தான் செய்யும். அச்சு மங்கியிருந்தால் கணினிக்குத் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பாதிப் பேருடைய பெயரைக் குதறி வைத்திருக்கிறது. உன் பெயரில் இரண்டு துணைக்கால் வேறு.

திருத்தம் கேட்கப் படிவம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். திருத்தக் குழு மாதம் ஒரு முறை கூடும். நான் அதில் இல்லை. உன் படம் அங்கே எப்படி வந்தது என்று விசாரித்துச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என்றும் அன்புள்ள
தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடு.

படிவமா? என் பெயரில் ஒரு கொலையை ஒட்டி ஊருக்கெல்லாம் காட்டும்போது படிவம் கேட்டீர்களா? எடுக்கச் சொன்னால் மட்டும் படிவமா? பூர்த்தி செய்து அனுப்பியிருக்கிறேன். 'திருத்தம் கோருபவர் அந்த நபருக்கு என்ன உறவு?' என்று ஒரு கேள்வி. 'நானே நான்' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை.

நீ விசாரிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா? ஒரு வாரமாக உங்கள் தளத்தில் என் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதே பெயரில், அதே இனிஷியலில், என்னையும் சேர்த்து எட்டுப் பேர் இருக்கிறோம். ஒருத்தி நீச்சல் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். ஒருத்தி நாற்பது வருஷத்துக்கு முன்னால் தன் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரே வருஷத்தில் மூன்று முறை பத்திரிகைக்கு எழுதியிருக்கிறாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் 'காணவில்லை'. நீலச் சட்டை, இடது புருவத்தில் தழும்பு. கிடைத்தாளா என்று எங்கே தேடியும் இல்லை. இந்த எட்டுப் பேரையும் ஒரே பக்கத்தில் போட்டு, மேலே என் முகத்தை ஒட்டியிருக்கிறீர்கள்.

உன் மாமா எட்டிப் பார்த்து, "உன் பேர்ல எட்டுப் பேரா? ஒருத்தியையே என்னால சமாளிக்க முடியல" என்றார். நான் தட்டை வைத்த சத்தத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் அந்தக் கொலைகாரி. போலீஸ் வேனில் ஏறும்போது முகத்தைத் துணியால் மூடியிருக்கிறாள். மூடத்தானே வேண்டும்! அவள் செய்த பாவத்தை நான் எதற்குச் சுமக்க வேண்டும்? அவள் முகத்தை மூடிக்கொண்டாள், நீங்கள் என் முகத்தைத் திறந்து வைத்துவிட்டீர்கள்.

துணிக் கிடங்கில் ஜன்னல் கிடையாது. சலவைச் சோடா வாடை. பழகிய நர்ஸுகள் விரிப்பு வாங்க வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போகிறார்கள்.

சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இந்த மாதம் குழு கூடவில்லை, தலைவர் விடுப்பில் இருக்கிறார். உன் நர்சிங் பதிவு எண்ணும் பிறப்புச் சான்றிதழும் அனுப்பினால் உதவியாக இருக்கும். படத்தைக் கொடுத்தவர் ஒரு நன்கொடையாளர் என்று பதிவேட்டில் இருக்கிறது. விதிப்படி நன்கொடையாளர் பெயரைச் சொல்லக்கூடாது.

அம்மா நீ போன் செய்யவில்லையே என்கிறாள். அவளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை.

அந்தப் படத்தை நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். என் இடது தோளில் ஒரு கை இருக்கிறது. முழுப் படத்தில் என் பக்கத்தில் நின்ற தோழியின் கை. அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அது அம்மாவின் இரும்புப் பெட்டியில், என் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது. அந்தப் பெட்டி உன் வீட்டில் இருக்கிறது.

உங்கள் நன்கொடையாளரிடம் நான் கேட்டதாக ஒரு கேள்வி கேட்டுச் சொல். அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாளா?

இதற்குப் பதில் வராவிட்டால் இனி என் கடிதமும் வராது.


ஏப்ரல் 19

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான்தான். போன வருஷம் உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. புடவை வாங்கினால் நிறம் சரியில்லை என்பாய். உன் பெயருக்கு நல்லதாக ஒரு பக்கம் போட்டு, தளம் திறக்கும் அன்று காட்டலாம் என்று நினைத்தேன். உன் கல்லூரி மலரைத் தேடி எடுத்தேன். பெட்டியிலிருந்து படத்தை எடுத்து ஏற்றினேன். மற்ற செய்திகளைக் கணினியே கொண்டுவந்து நிறுத்தி, 'இவரும் அவரும் ஒருவரா?' என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். ஒரு நாளைக்கு நானூறு பெயர் முடிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. படிக்காமல் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போவேன். உன் பெயருக்கும் அப்படித்தான் தட்டினேன் என்று சொல்லிவிடலாம். பாதிக் கடிதம் வரைக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஆனால் அந்தச் செய்தியை நான் படித்தேன் அக்கா. தேதியைப் பார்த்தேன். அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. நீ திடீரென்று பெட்டியோடு வீட்டுக்கு வந்தாய். எட்டு மாசம் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா யாரோடும் பேசவில்லை. "அக்கா ஓய்வு எடுக்கறா, வெளிய யார்கிட்டயும் சொல்லாதே" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். இதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. 'இல்லை'யைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. உன்னிடம் கேட்கவும் தைரியம் இல்லை. ஆம் என்று தட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். தளம் திறந்தபோது உன்னிடம் காட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கத்தில் இது யார் கண்ணில் படப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நேற்று நானே படத்தை எடுத்துவிட்டேன். நடந்ததைப் பிரிவுத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். செய்திகளைப் பிரிப்பது குழுவின் கையில்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

உன் மாமாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், விட்டுவிட்டது. அம்மா எப்படி இருக்கிறாள்?

அந்த எட்டு மாசம் எனக்குக் காசநோய். இருமலில் ரத்தம். காசநோய் வந்த நர்ஸ் என்று தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது என்று அப்பா பயந்தார். உன்னை என் பக்கத்தில் விடாததும் அதனால்தான். நீ கதவுக்கு வெளியே நின்று பள்ளிக்கூடத்துப் பாட்டையெல்லாம் பாடிக் காட்டுவாய். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பையன் வளர்ந்து, அக்கா ஒரு குழந்தையைக் கொன்றிருப்பாள் என்று பொத்தானைத் தட்டியிருக்கிறான். ஆறாவது கட்டில்காரர் என்னை மூன்று நாள் பார்த்தவர். அவரைக்கூட மன்னித்துவிடலாம். நீ? "அக்கா, இது நீயா?" என்று மூன்று வார்த்தை. கேட்டிருந்தால் உன்னை அறைந்திருப்பேன், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீ அறைக்குப் பயந்துகொண்டு என்னை ஊர் வாயில் போட்டாய்.

இதை இன்னும் எழுதினால் பேனா உடைந்துவிடும். வேறு விஷயத்துக்கு வருகிறேன்.

கணினி துணைக்காலை ரகரமாகப் படிக்கும் என்று எழுதினாயே, அது ஒன்றுதான் உன் கடிதங்களில் உருப்படியான வார்த்தை. என் பெயரில் துணைக்கால் வருகிற இரண்டு இடத்திலும் 'ர' போட்டுத் தேடினேன். வாயில் நுழையாத ஏதோ ஒன்று ஆனது பெயர். ஒரே ஒரு செய்தி வந்தது. கைதாகிப் பதினான்கு மாசம் கழித்து, உள் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி. மேல்முறையீட்டில் அந்த நர்ஸ் விடுதலை. மருந்துக் கிடங்கிலேயே குப்பியில் தவறான சீட்டு ஒட்டப்பட்டிருந்தது நிரூபணம். சிறைக்குப் போனது முதல் பக்கத்தில், ஒழுங்கான எழுத்தில். வெளியே வந்தது யாராலும் தேட முடியாத பெயரில்.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். குற்றமே இல்லை என்றால் என் மேலும் பழி இல்லையே என்ற நிம்மதி. அவளுக்காக வழக்காடிய வக்கீலின் அலுவலகத்தை இப்போது அவருடைய மகள் நடத்துகிறார். அவர் மூலமாக அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எனக்காக ஆஸ்பத்திரிக்கு அவரே இரண்டு வரி எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அக்கா


மே 20

என் பெயரையே வைத்திருக்கும் உங்களுக்கு,

வணக்கம். நான் சுகம். பதிலுக்கு உங்கள் சுகத்தைக் கேட்பது மரியாதை, கேட்டுக்கொள்கிறேன்.

வக்கீலின் மகள் அனுப்பிய உங்கள் கடிதம் பத்து நாள் மேஜையில் கிடந்தது. 'உங்கள் வழக்கால் என் பெயர் கெட்டுவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெயரும் அதுதான் அம்மா. அது கெட்டபோது எனக்கு இருபத்தைந்து வயது.

மருத்துவர் சீட்டில் எழுதிய மருந்தை, குப்பியில் எழுதியிருந்த பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன். உள்ளே வேறு மருந்து இருந்தது. குப்பியில் சீட்டு ஒட்டியவர் ஒழுங்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் பதினான்கு மாசம் உள்ளே இருந்தேன். வெளியே வந்து வேலை கேட்டேன். "நீதிமன்றம் விட்டுடுச்சு, ஜனங்க விடணுமே" என்றார்கள். என் கணவர் வீட்டிலும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள், வேறு வார்த்தையில். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலும் ஏறவில்லை. ஒரு லாரி நிலையத்தில் எடை மேடைக்குச் சீட்டு எழுதுகிறேன். இங்கே வண்டி எண்தான் கேட்பார்கள், ஆள் பெயர் கேட்பதில்லை. அதனால்தான் இந்த வேலை.

இந்த இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு இதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. முதலில் எழுதியவர் நீங்கள், அதுவும் உங்களுக்கு ஒரு சான்று வேண்டியிருந்ததால். 'நான் அவள் இல்லை' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். சொல்லுங்கள், நியாயம்தான். நானும்கூட அவள் இல்லையே. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சான்று எதுவும் தருவதாக இல்லை. பதிலுக்கு நீங்கள் வைத்திருந்த தபால் தலைக்கு நன்றி, திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்


ஜூன் 3

தம்பிக்கு,

நலம். அந்த அம்மாவின் கடிதத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

துணிக் கிடங்கில் நின்றுகொண்டே படித்தேன். முகம் கொதித்தது. முதலில் அவர் மேல்தான் கோபம். என்ன திமிர் என்று நினைத்தேன். ஒரு கட்டு விரிப்பை மடித்து முடிப்பதற்குள் அது திரும்பி என் மேலேயே பாய்ந்தது. பிப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதத்தில் நான் அவரை என்ன வார்த்தை சொன்னேன்? உன் ஒரு பொத்தானுக்கு இத்தனை கத்தினேன். நானும் அதே பொத்தானை அழுத்தியவள்தான். ஒரு தாளைப் பார்த்தேன், கொலைகாரி என்றேன்.

அன்றைக்கே மத்தியானம் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். நான் கொடுத்திருந்த சான்றிதழ்களை எல்லாம் நிர்வாகம் பார்த்துவிட்டதாம். ஒரு காகிதத்தை நீட்டினார். 'செய்தியில் உள்ள குற்றவாளி நான் அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர்.' கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வார்டுக்குத் திரும்பலாம்.

பேனாவைத் திறந்துவிட்டேன் தம்பி. அப்புறம் மூடிவிட்டேன்.

"'குற்றவாளி'ங்கறதை எடுத்துடுங்க. அவங்களும் குற்றவாளி இல்ல. தீர்ப்பு இருக்கு" என்றேன்.

"சிஸ்டர், உங்க பிரச்சினை தீருது. அடுத்தவங்க கதை நமக்கு எதுக்கு?"

"அவங்க அடுத்தவங்க இல்ல. அஞ்சு மாசமா அவங்க இடத்துலதான் நான் நிக்கறேன். அஞ்சு மாசத்துக்கே எனக்குத் தூக்கம் போச்சு."

"அப்ப துணிக் கிடங்குலயே இருங்க" என்றார். இருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இது. அந்த அம்மாவுக்குத் தனிப் பக்கம் வேண்டும். தண்டனைச் செய்தியைத் திறக்கிறவன் கண்ணில் விடுதலைச் செய்திதான் முதலில் பட வேண்டும். பெயர் சரியான எழுத்தில் இருக்க வேண்டும், துணைக்காலோடு. குழு கூடவில்லை, தலைவர் விடுப்பில் இருக்கிறார் என்று இன்னொரு கடிதம் வந்தால் நானே கிளம்பி வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு விடுப்பு நிறையப் பாக்கி இருக்கிறது.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா இப்போது குச்சி இல்லாமல் நடக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் போட்டாள். இரும்புப் பெட்டியின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று உன் பக்கம், ஒன்று அந்த அம்மாவுடையது. நீ சொன்ன மாதிரியே. இது சும்மா நடக்கவில்லை. "பத்திரிகையில் வந்ததை வந்தபடி காட்டுவதுதான் நம் வேலை, எது முதலில் எது பின்னால் என்று முடிவு செய்ய நாம் யார்?" என்றார் குழுத் தலைவர். எனக்கும் எங்கிருந்தோ குரல் வந்தது. "இத்தனை நாள் நாம்தானே சார் முடிவு செஞ்சோம்? படத்தை மேல வெச்சது நான், செய்தியைக் கீழ ஒட்டினது நான். அப்ப யாரும் கேக்கலையே" என்றேன். அந்த அம்மாவின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'நான் யாரிடம் போய்ச் சொல்ல?' என்ற வரியை வாசிக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் வாங்கி வாசித்தார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப் பிரிவிலிருந்து எடுத்து, கிழிந்த புத்தகம் கட்டுகிற அறைக்குப் போட்டுவிட்டார்கள். போவதற்கு முன்னால் நான் 'ஆம்' என்று தட்டிய பெயர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதரை இறந்த பிறகு தலைமையாசிரியராகப் பதவி உயர்த்தியிருக்கிறேன். முதலில் சிரித்துவிட்டேன், அப்புறம் அவருடைய பிள்ளைகள் தேடிப் பார்த்திருந்தால் என்று நினைத்தேன்.

போனை எடு அக்கா. திட்டவாவது எடு.

தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு தேவலை. அம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கேட்காதே, அது அவளிடமே இருக்கட்டும்.

நீ அனுப்பிய தாளைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்தேன். எடுத்துப் படித்தார். பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு நான் சொன்ன வாசகத்தையே தட்டச்சு செய்யச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வார்டில் இருக்கிறேன். இன்னும் இரண்டு அம்மாக்கள் நான் போனால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். போகப் போகச் சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நேற்று அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். வரவா என்று கேட்டு எழுதினால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. லாரி நிலையம் முழுக்கப் புழுதியும் டீசல் வாடையும். எடை மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு, சின்ன ஜன்னல். உள்ளே நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி.

"வண்டி நம்பர்?" என்றார் நிமிராமல்.

"வண்டி இல்லீங்க" என்றேன். என் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சான்று தர மாட்டேன்னு எழுதினேனே."

"கேக்க வரல. கொடுக்க வந்தேன். என் தம்பி போட்ட பக்கம்" என்று தாளை ஜன்னல் வழியாக நீட்டினேன். பின்னால் ஒரு டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். "இருய்யா, ஓடியா போகுது உன் மேடை!" என்று அவனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார் பார், எனக்கே முதுகு நிமிர்ந்தது. பிறகு படித்தார். நான்கு வரிக்கு அத்தனை நேரம் ஆகாது. விரலால் தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். முதல் கடிதத்துக்காக. வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"உங்க தம்பிதான் இதெல்லாம் செய்யறவரா?"

"ஆமா."

"உங்களுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம். அந்தப் பிள்ளைக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"செத்துப்போன பிள்ளைக்கு. அதுக்கு ஒரு பக்கம் இருக்கா?"

ஆறு மாசமாக அந்தச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்பேன்! 'நான்கு வயதுக் குழந்தை' என்றுதான் இருக்கும். தண்டனைச் செய்தியிலும் அதே, விடுதலைச் செய்தியிலும் அதே. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. என் பெயர், என் பெயர் என்று ஊரைக் கூட்டினேனே, அந்தப் பிள்ளைக்குப் பெயர் என்ன என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"பொண்ணு" என்றார் அவர். "ஊசி போடறதுக்கு முன்னாடி பேரு கேட்டேன். கேக்கணும் இல்ல, சரியான ஆளுக்குத்தான் போடறோமான்னு பாக்க. அதுவே சொல்லுச்சு, இனிஷியலோட. புதுசாக் கத்துக்கிட்டிருந்துச்சு போல." எடைச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். "அதோட அம்மா அப்பா இன்னும் இருக்காங்களா தெரியாது. அவங்க கேஸ் போட்டது தப்பில்ல. யார் மேல போடணும்னு அவங்களுக்குத் தெரியல."

அப்புறம் அடுத்த லாரியைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. புத்தகம் கட்டும் அறையில் இருந்தாலும் மதிய இடைவேளை உனக்கு இருக்கிறதே. அந்த வருஷத்து இரங்கல் அறிவிப்புகளில் பார். இல்லாவிட்டால் மழலையர் பள்ளி மலர்களில் பார். அதே பெயரில் வேறு யாராவது வந்தால் பொத்தானைத் தட்டாதே. எனக்கு எழுது, நான் போய் விசாரிக்கிறேன்.

போனை எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. திட்டுவேன்.

அக்கா